பேக்ஹேண்ட்: கால் போடும் கணக்கு

டென்னிஸில் பேக்ஹேண்ட் என்பது, ராக்கெட் பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தைப் புறங்கை முன்செல்ல அடிக்கும் வீச்சு. வலக்கை ஆட்டக்காரருக்கு அது உடலின் இடப்பக்கம். (இங்கே கால், கை, தோள் பற்றிய குறிப்புகள் எல்லாம் வலக்கையரை வைத்தே சொல்லப்படுகின்றன, இடக்கையர் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.) ஃபோர்ஹேண்டுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு தோள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஃபோர்ஹேண்டுக்காக உடலைத் திருப்பும்போது அடிக்கும் தோள் பின்னால் போய், வீச்சின்போது முன்னோக்கிச் சுழன்று வருகிறது. பந்து சற்று முந்தினாலும் பிந்தினாலும் முழங்கையை மடக்கிச் சமாளிக்க இடம் உண்டு. பேக்ஹேண்டில் அடிக்கும் தோள் முதலிலேயே வலைப்பக்கம் முன்னே நிற்கிறது. கீல் முன்பக்கம் பொருத்திய கதவுபோல, கை அந்தத் தோளிலிருந்து திறந்து வருகிறது. ஆகவே ஒற்றைக் கையால் அடிப்பவர் பந்தைத் தோளுக்கும் முன்னால், முன்வைத்த வலக்காலுக்கும் சற்று முன்னால் சந்தித்தாக வேண்டும்.

இந்த முன்தள்ளல் சிறியதுதான். ஆனால் அதற்கு ஆகும் விலை நேரம். தரையில் பட்டெழுந்த பந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொண்டால், 30 செ.மீ. முன்னால் சந்திப்பதற்கு 0.02 நொடி முந்தித் தயாராக வேண்டும். பந்து ராக்கெட் நரம்பில் தங்கும் நேரமே 0.005 நொடிதான் என்பதை நினைத்தால், 0.02 நொடி எவ்வளவு பெரிய இடைவெளி என்பது விளங்கும். பேக்ஹேண்ட் இயல்பிலேயே பலவீனமான வீச்சு என்ற எண்ணம் தெருமுனை ஆட்டக்காரர்வரை பரவியிருக்கிறது. தோளை வெளிப்புறம் சுழற்றும் தசைகள் உட்புறம் சுழற்றும் தசைகளைவிட வலுக் குறைந்தவை என்பது உண்மை. அது ஒரு காரணம். ஆனால் பெரும்பாலான பேக்ஹேண்ட் தவறுகள் கையில் தொடங்குவதில்லை. பந்து வந்து சேர்வதற்கு முன் கால் போய்ச் சேராததால் அவை தொடங்குகின்றன.

ஒரு டென்னிஸ் தளம் 23.77 மீட்டர் நீளம். ஒற்றையர் ஆட்டத்துக்கான அகலம் 8.23 மீட்டர். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து காற்றாலும் தரையாலும் வேகம் குறைந்து எதிர்ப்பக்கப் பின்கோடான பேஸ்லைனை எட்ட ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. அதில் கண் கண்டு மூளை முடிவெடுக்க ஏறத்தாழ 0.2 நொடி போய்விடும். தளத்தின் நடுவில் நிற்பவருக்குப் பக்கக் கோடு 4 மீட்டருக்குச் சற்று அதிகத் தூரத்தில் இருக்கிறது. கையும் ராக்கெட்டும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் எட்டினாலும், மீதி இரண்டரை மீட்டரைக் காலால் கடக்க வேண்டும். கடந்தால் மட்டும் போதாது; கடந்து, நின்று, உடலைத் திருப்பி, எடையை முன்காலுக்கு மாற்ற வேண்டும். முதல் அடியில் இழந்த நேரத்தைக் கடைசி அடியில் மீட்பது கடினம்.

அந்த முதல் அடிக்கும் முந்தையது ஸ்பிளிட் ஸ்டெப் எனப்படும் சிறு துள்ளல். எதிராளியின் ராக்கெட் பந்தைத் தொடும் நேரத்தையொட்டி இரு கால்களும் தரையைவிட்டு லேசாக எழுகின்றன. பந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிற கணத்தில் பாதங்களின் முன்பகுதி தரையில் இறங்குகிறது. கெண்டைக்கால் தசையும் தொடைத் தசையும் இறங்கும்போது நீட்டப்பட்டு உடனே சுருங்குவதால், நின்ற நிலையிலிருந்து கிளம்புவதைவிட வேகமாகக் கிளம்ப முடிகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்களை மெதுவேகக் காட்சியில் பார்த்தால் இன்னொரு நுணுக்கம் தெரியும்: இரு பாதங்களும் ஒன்றாக இறங்குவதில்லை. பேக்ஹேண்ட் பக்கம் பந்து வருகிறது என்றால் வலப்பாதம் ஒரு கணம் முந்தி இறங்கி உடலை இடப்பக்கம் தள்ளுகிறது. இடப்பாதம் காற்றிலேயே வெளிப்புறம் திரும்பிக்கொண்டு இறங்குகிறது. துள்ளல் உயரமாக இருந்தால் பயன் போய்விடும். பந்து வந்துகொண்டிருக்க, ஆட்டக்காரர் காற்றில் இருப்பார். நான்கு விரற்கடை உயரமே அதிகம்.

அடுத்தது உடல் திருப்பம். இடப்பாதம் வெளியே திரும்பும்போதே இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்புகின்றன. இதில் இடக்கையின் பங்கு பெரிது. பயிற்சியில் அதைக் கவனிப்பவர்கள் குறைவு. ராக்கெட்டின் கழுத்துப் பகுதியைப் பிடித்திருக்கும் இடக்கைதான் ராக்கெட்டைப் பின்னே இழுக்கிறது. வலத்தோள் தானாகத் தொடர்ந்து வந்து தாடைக்குக் கீழே நிற்கிறது. வலக்கையால் மட்டும் ராக்கெட்டைப் பின்னே கொண்டுபோகிறவருக்குத் தோள் பாதிதான் திரும்பும். தேர்ந்த ஒற்றைக் கை பேக்ஹேண்டில் தோள்கோடு 90 பாகையையும் தாண்டித் திரும்பி, முதுகின் ஒரு பகுதி எதிராளிக்குத் தெரிகிறது. தோள் இடுப்பைவிட அதிகம் திரும்புவதால் இடுப்புக்கும் விலாவுக்கும் இடையில் உள்ள தசைகள் முறுக்கேறுகின்றன.

பிடி மாறுவதும் இந்தத் திருப்பத்துக்குள்ளேயே நடந்துவிட வேண்டும். ராக்கெட்டின் கைப்பிடி எட்டுப் பட்டை கொண்டது. ஒற்றைக் கையால் டாப்ஸ்பின் (பந்துக்கு முன்சுழற்சி தரும் அடி) அடிப்பவர் ஆள்காட்டி விரலின் அடிமுட்டை மேற்பட்டைக்குக் கொண்டுவருகிறார். அதற்கு ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட் பிடி என்று பெயர். இரு கையால் அடிப்பவரின் வலக்கை அதற்கு அடுத்த சரிவுப் பட்டையில் கான்டினென்டல் பிடியாகவும், அதற்கு மேலே இடக்கை ஓர் இடக்கையரின் ஃபோர்ஹேண்ட் பிடிபோலவும் அமைகின்றன. பின்சுழற்சி தரும் ஸ்லைஸுக்கும் கான்டினென்டல் பிடியே ஏற்றது. இடக்கை ராக்கெட்டின் எடையைத் தாங்கிக்கொண்டிருந்தால்தான் வலக்கை விரல்கள் தளர்ந்து பிடியை மாற்ற முடியும். இடக்கை முன்கூட்டியே விட்டுவிட்டால், ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே பேக்ஹேண்ட் அடிக்க நேர்ந்து, பந்து வலையில் விழும் அல்லது வானத்துக்குப் போகும்.

பந்து தொலைவில் என்றால் வலக்கால் இடக்காலைக் குறுக்கே கடந்து ஓட்டம் தொடங்குகிறது. பெரிய அடிகளில் தூரத்தைக் கடந்து, பந்தை நெருங்கும்போது அடிகளைச் சிறிதாக்குவதே வழக்கம். தளத்தில் ஷூ கீச்சிடும் சத்தம் அடுக்கடுக்காகக் கேட்பது இந்தச் சிற்றடிகளால். பந்து எங்கே விழும் என்ற முதல் மதிப்பீடு பத்துப் பதினைந்து செ.மீ. பிசகுவது இயல்பு, பேக்ஹேண்டுக்கு அந்தப் பிசகே போதும், வீச்சு கெட. தொடக்கநிலையாளரின் பெருந்தவறு பந்துக்குப் போய்ச் சேராதது என்று தோன்றும். கவனித்துப் பார்த்தால் அதற்கு நேரெதிரான தவறே அதிகம்: அவர்கள் பந்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முழங்கை மடங்கி, தோள் தூக்கி, பந்தைக் கிள்ளி எடுப்பதுபோல் அடிக்கிறார்கள். கை நீண்டு அடிக்கும் ஒற்றைக் கையருக்கு இரு கையரைவிட இன்னும் சற்று விலகிய இடம் வேண்டும். உடலை நோக்கியே வரும் பந்துக்குப் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் கால் எடுத்து இடம் உண்டாக்கிக்கொள்வது தனிக் கலை. ஓடிப்போய் அடிப்பதைவிட அது கடினம்.

இடம் பிடித்தபின் கால் ஊன்றல். எடை முதலில் இடக்காலில், முழங்கால் மடங்கிய நிலையில், இறங்குகிறது. பிறகு வலக்கால் பந்தை நோக்கிச் சாய்வாக முன்வைக்கப்படுகிறது. குதிகால் முதலில் பட்டு, பாதம் பரவி, முழங்கால் லேசான மடக்கத்தோடு உறுதிப்படுகிறது. தரையைக் கால் தள்ள, தரை திருப்பித் தள்ளும் விசை காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து உடற்பகுதிக்கும், தோள், முழங்கை, மணிக்கட்டு வழியாக ராக்கெட் தலைக்கும் ஏறுகிறது. ஒவ்வொரு பகுதியும் தன் வேகத்தின் உச்சத்தை எட்டி நிதானிக்கும்போது அடுத்த பகுதி அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. இந்தச் சங்கிலியில் கால் விட்டுப்போனால், குறைந்த விசையை ஈடுகட்டுவது முழங்கைக்கு அருகில் இருக்கும் சிறு தசைகள்தான்.

ஒற்றைக் கை டாப்ஸ்பின் பேக்ஹேண்டில் ராக்கெட் பந்தைத் தொடும்வரை இடுப்பு பக்கவாட்டிலேயே இருக்க வேண்டும். ராக்கெட் தலை பந்தின் மட்டத்துக்குக் கீழே இறங்கி, முழங்கால்கள் நிமிர, கீழிருந்து மேலாக ஏறுகிறது. கை ஏறத்தாழ நேராக நீண்டிருக்கிறது. மணிக்கட்டு உறுதியாக, புறங்கைப் பக்கம் சற்று மடங்கியிருக்கிறது. அதே நேரத்தில் இடக்கை பின்னோக்கி விரிகிறது. பறவை சிறகு விரிப்பதைப் போன்ற அந்தத் தோற்றத்தைப் பலர் அழகுக்கான முத்திரை என்று எண்ணுகிறார்கள். அது முழுக்க இயக்கவியல். வலக்கை ஒரு திசையில் சுழலும்போது இடக்கை எதிர்த்திசையில் போவதால் உடற்பகுதியின் சுழற்சி தடுக்கப்படுகிறது. உடல் முன்கூட்டியே வலைக்கு முகம் காட்டித் திறந்துவிடாமல், வேகம் கைக்குப் போய்ச் சேருகிறது. இடக்கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு அடிப்பவரின் பந்து பெரும்பாலும் இலக்குக்கு வலப்பக்கமாக இழுபட்டுப் போகும்.

இரு கை பேக்ஹேண்ட் வேறு இயந்திரம். அதை இடக்கையால் அடிக்கும் ஃபோர்ஹேண்ட் என்று கொள்வதே தெளிவு. வலக்கை திசைதிருப்பும் துணை. பின்தோளில் இருந்து இடக்கை தள்ளுவதால், பந்தைச் சந்திக்கும் இடம் உடலுக்கு இன்னும் அருகே, முன் இடுப்பை ஒட்டி வருகிறது. இடுப்பும் உடற்பகுதியும் வலையை நோக்கித் தாராளமாகச் சுழல்கின்றன. மாச்சர் ரீட், புரூஸ் எலியட் ஆகிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், இருவகை வீச்சிலும் ராக்கெட்டின் வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒற்றைக் கையர் பந்தை இன்னும் முன்னே சந்தித்தனர். ஒற்றைக் கைக்கு வேகம் அதிகம் என்றும், இரு கைக்கு வலு அதிகம் என்றும் கிளப்புகளில் நடக்கும் வாதங்களுக்கு இந்த முடிவு அதிகம் தீனி போடவில்லை. இரண்டையும் பிரிப்பது நேரக் கணக்கும் கால் வைப்பும். இரு கையர் பக்கவாட்டு நிலையிலும் அடிக்கலாம்; அவசரத்தில் இடக்காலை வெளியே ஊன்றித் திறந்த நிலையிலும் அடிக்கலாம். திறந்த நிலையில் அடித்தவர் அதே இடக்காலை உந்தித் தளத்தின் நடுவுக்குத் திரும்பிவிடுவார். ஒற்றைக் கையரோ வலக்காலைக் குறுக்கே வைத்து அடித்தபின், இடக்காலைச் சுற்றிக் கொண்டுவந்து ஊன்றியே திரும்ப வேண்டும். ஓர் அடி அதிகம். வேகமான ஆட்டத்தில் அந்த ஓர் அடிக்குள் அடுத்த பந்து வந்துவிடுகிறது. எட்டும் தூரம் மட்டும் ஒற்றைக் கையருக்குச் சாதகம். இடக்கையை விடுவித்ததும் ராக்கெட் இன்னும் தள்ளிப் போகும்.

ஸ்லைஸ் மூன்றாவது வகை. ராக்கெட் தோள் உயரத்திலிருந்து கீழ்நோக்கி, முகம் சற்றே மேல் பார்த்தபடி, பந்தின் பின்பக்கத்தை அறுத்துக்கொண்டு முன்னே செல்கிறது. பின்சுழற்சி பெற்ற பந்து மெதுவாக மிதந்துபோய்த் தாழ்வாக எழும். வலையை நோக்கி ஏறிக்கொண்டே ஸ்லைஸ் அடிக்கும்போது, இடக்கால் வலக்காலின் பின்புறமாகக் கடந்து முன்னே போகும். கரியோக்கா என்ற நடன அசைவின் பெயரால் அந்தக் கால்வைப்பு அறியப்படுகிறது. இடுப்பு திறக்காமலேயே உடல் முன்னேற அது வழிசெய்கிறது. எடை பின்காலில் தங்கிவிட்ட ஸ்லைஸ் மிதந்து நிற்கும், எதிராளிக்கு விருந்து.

தமிழ்நாட்டு டென்னிஸின் முதல் பெருமைகள் இந்த மூன்றாம் வகையோடும் ஒற்றைக் கையோடும் பிணைந்தவை. 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற ராமநாதன் கிருஷ்ணன், 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். 1961 காலிறுதியில் அவர் வென்றது ராய் எமர்சனை. அதிரடி சர்வோ முரட்டு வேகமோ அவரிடம் இல்லை. முன்கூட்டியே இடம் பிடித்து, எதிராளியின் வேகத்தையே வாங்கித் திருப்பிவிடும் ஆட்டம் அவருடையது. விம்பிள்டனின் புல்தரையில் பந்து தாழ்வாக எழும். குனிந்து, முழங்கால் மடக்கி, குறுகிய வீச்சில் அடிப்பவருக்கு அந்தத் தரை இணங்கும். 1962-ல் அவருக்கு விம்பிள்டனில் 4-ஆம் தரவரிசை கொடுக்கப்பட்டது. கணுக்கால் காயத்தால் நடுவில் விலகினார். கால் வைப்பை நம்பிய ஆட்டத்துக்கு அந்த ஆண்டு கணுக்காலே முடிவு கட்டியது. மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தையும் பிரெஞ்சு ஜூனியர் பட்டத்தையும் வென்று அதே வழியில் வந்தார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதல் நிலையில் இருந்த மாட்ஸ் விலாண்டரை அவர் வீழ்த்தியது வேகத்தால் அல்ல என்பதை அந்தத் தலைமுறை ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள்.

தரை மாறியதும் கால் மாறியது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகச் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த டென்னிஸ் அரங்கம் கடினத் தளம் கொண்டது. அங்கே 2017 வரை நடந்த ஆடவர் சென்னை ஓப்பன், ஒற்றைக் கை பேக்ஹேண்டின் இரண்டு பாடங்களைத் தமிழ்நாட்டு ரசிகர்களின் கண்முன் நிகழ்த்திக் காட்டியது. முதலாவது 2008 இறுதியாட்டம். ரஷ்யாவின் மிகயில் யூஷ்னி, ரஃபேல் நடாலை 6–0, 6–1 என்று தோற்கடித்தார். யூஷ்னி பின்வீச்சின்போது இடக்கையையும் கைப்பிடியிலேயே வைத்திருந்து, பந்தை நெருங்கும்போது விட்டுவிடுவார். தோள் முழுமையாகத் திரும்புவதற்கு அது உறுதி. ஆனால் அந்த எண்ணிக்கையை ஒற்றைக் கையின் வெற்றியாக எழுதிவிடக் கூடாது. அதற்கு முந்தைய அரையிறுதியில் கார்லோஸ் மோயாவோடு நடால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆடியிருந்தார். இறுதியில் அவருடைய கைகள் அதே கைகள்தான், கால்கள் வரவில்லை. கால் தாமதித்தால் உலகின் தலைசிறந்த இரு கை பேக்ஹேண்டும் தடுமாறும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இரண்டாவது பாடம் ஸ்டான் வாவ்ரிங்கா. 2011, 2014, 2015, 2016 என்று சென்னையில் நான்கு முறை பட்டம் வென்றவர். 2014 ஜனவரியில் சென்னைக் கோப்பையோடு மெல்போர்ன் போய் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். 2015-ல் பிரெஞ்சு ஓப்பன், 2016-ல் அமெரிக்க ஓப்பன். மூன்று ஆண்டும் ஆண்டுத் தொடக்கப் பட்டம் நுங்கம்பாக்கத்தில் கிடைத்தது. அவருடைய பேக்ஹேண்ட் நீண்ட வீச்சு கொண்டது. நீண்ட வீச்சுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவர் இரண்டு வழியில் சம்பாதித்தார்: பேஸ்லைனுக்கு நன்றாகப் பின்னே நின்று பந்துக்குக் கூடுதல் தூரம் கொடுத்தார், எதிராளியின் அடி கிளம்பிய உடனே தோளைத் திருப்பி முடித்தார். கனத்த கால்களை அகல ஊன்றி, உடல் பக்கவாட்டில் நிற்க, மார்பு கடைசிவரை திறக்காமல், இடக்கை பின்னே விரிய அவர் அடித்த நேர்கோட்டுப் பேக்ஹேண்ட்தான் 2015 பிரெஞ்சு இறுதியில் நோவக் ஜோகோவிச்சை நிலைகுலைய வைத்தது. குறுக்காக வரும் பந்தை நேர்கோட்டில் திருப்புவதற்கு வலையின் உயரமான பகுதியைத் தாண்ட வேண்டும்; வலை நடுவில் 91.4 செ.மீ., கம்பத்தருகே 1.07 மீட்டர். உடல் ஒரு கணம் முந்தித் திறந்தால் அந்த அடி நேர்கோட்டை விட்டுத் தளத்தின் நடுப்பக்கம் இழுபட்டுப் போகும்.

இருந்தும் காலம் இரு கையின் பக்கமே. 1930-களில் விவியன் மெக்ராத், ஜான் பிராம்விச் ஆகிய ஆஸ்திரேலியர்கள் இரு கையால் அடித்தபோது அது விசித்திரமாகப் பார்க்கப்பட்டது. 1970-களில் பியான் போர்க், ஜிம்மி கானர்ஸ், கிறிஸ் எவர்ட் மூவரும் அதை வழக்கமாக்கினார்கள். 1973-ல் தொடங்கிய ஆடவர் உலகத் தரவரிசையில், ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆட்டக்காரர் ஒருவர்கூட முதல் பத்தில் இல்லாத நிலை 2024 பிப்ரவரியில் முதன்முறையாக ஏற்பட்டது. சென்னையின் ராம்குமார் ராமநாதனும் இரு கையர்தான். அதே 2024 ஜனவரியில் 43 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டம் வென்ற குடகின் ரோகன் போபண்ணா ஒற்றைக் கையர். இரட்டையரில் ஓட வேண்டிய பரப்பு குறைவு, வலையருகே ஆட்டம் அதிகம் என்பதால் அங்கே அந்த வீச்சுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

காயங்களின் கதையும் கால்வைப்போடு சேர்ந்தது. டென்னிஸ் எல்போ எனப்படுவது முழங்கையின் வெளிப்புறத்தில், மணிக்கட்டைப் பின்னே தூக்கும் தசைகள் எலும்போடு சேரும் இடத்தில் வரும் வலி. ஒற்றைக் கை பேக்ஹேண்டைத் தவறாக அடிப்பவர்களிடம் இது அதிகம். 1994-ல் வெளியான பிளாக்வெல், கோல் இருவரின் ஆய்வு காரணத்தை அளந்து காட்டியது: தேர்ந்தவர்களின் மணிக்கட்டு பந்தைத் தொடும் கணத்தில் புறங்கைப் பக்கம் சுமார் 23 பாகை மடங்கி, மேலும் அதே திசையில் நகர்ந்துகொண்டிருந்தது, புதியவர்களின் மணிக்கட்டோ உள்ளங்கைப் பக்கம் சுமார் 13 பாகை மடங்கி, மேலும் உள்ளே மடங்கிக்கொண்டிருந்தது. அதாவது பந்தின் உதை அவர்களின் தசையை நீட்டி இழுத்தது. பந்துக்குப் பிந்திப் போனவர் முழங்கையை முன்தள்ளி மணிக்கட்டால் மீட்க முயல்வார். அந்த மடங்கல் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. ராக்கெட்டையும் நரம்பின் இறுக்கத்தையும் மாற்றிப் பார்ப்பவர்கள், முதலில் தங்கள் வலக்கால் எப்போது தரையில் பட்டது என்று பார்ப்பது நல்லது.

தருமபுரி போன்ற மாவட்டங்களில் இந்த மணிக்கட்டுப் பிரச்சினைக்குக் கூடுதலாக ஒரு மூலம் உண்டு. அங்கே ஒரு பிள்ளை டென்னிஸ் ராக்கெட்டைத் தொடுவதற்கு முன் பள்ளியில் பூப்பந்து மட்டையையோ இறகுப்பந்து மட்டையையோ தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். இறகுப்பந்தின் எடை 5 கிராம் அளவு. பூப்பந்தின் கம்பளிப் பந்து 27 முதல் 28 கிராம். டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். இறகுப்பந்தில் பின்மூலைக்குப் போகும் பேக்ஹேண்ட், முதுகை வலைக்குக் காட்டி, கட்டைவிரலைக் கைப்பிடியின் அகலப் பட்டையில் ஊன்றி, முழங்கையை முன்னே செலுத்தி, முன்கையைச் சுண்டி அடிக்கப்படுகிறது. 5 கிராமுக்கு அது சரியான வழி. நரம்பு கட்டியபின் 300 கிராமைத் தாண்டும் ராக்கெட்டால், பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள பந்தை அதே சுண்டலில் அடித்தால் முழங்கை தாங்காது. அதே பிள்ளைக்கு ஒரு வரவும் இருக்கிறது: இறகுப்பந்தும் சிறு துள்ளலில்தான் தொடங்குகிறது, பேக்ஹேண்ட் மூலைக்கு வலக்காலைக் கடைசி அடியாக நீட்டி வைக்கிறது. ஒற்றைக் கை டென்னிஸ் பேக்ஹேண்டின் கால்வைப்பில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பயிற்சியாளர் கையை மறக்கச் செய்து, காலைத் தக்கவைக்க வேண்டும்.

தரையும் கவனத்துக்கு உரியது. தருமபுரிப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் பரவலாக இருப்பது செம்மண். ஐரோப்பியக் களிமண் தளத்தில் ஆட்டக்காரர் சறுக்கிக்கொண்டே பந்துக்குள் நுழைகிறார். வலக்கால் சறுக்கி நிற்கும் இடத்தில் வீச்சு தொடங்குகிறது. அங்கே மேல்தூள் மெல்லியது, அடித்தளம் கெட்டியானது. வெறும் செம்மண்ணில் சரளை உருள்வதால் சறுக்கல் கட்டுக்குள் இராது, கணுக்கால் பிசகும். தண்ணீர் தெளித்து உருளை போட்டு இறுக்கிய தரையில்கூட முதலில் சறுக்கப் பழக்காமல், சிற்றடிகளால் நின்று அடிக்கவே பழக்குவது பாதுகாப்பு. சீரற்ற எழும்பலும் அங்கே சகஜம். முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பவரே கடைசிக் கணத்தில் மாற்றிக்கொள்ள முடியும். தருமபுரி கடல் மட்டத்துக்கு மேல் அரைக் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட உயரத்தில் இருப்பதால் காற்று சென்னையைவிடச் சிறிது மெல்லியது; பெங்களூரு அதற்கும் மேல். சேலம்–பெங்களூரு சாலை வழியே பெங்களூருவுக்குப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அங்கே பந்து ஒரு துளி முந்தி வருவது தெரியும். பேக்ஹேண்டில் அந்தத் துளி தெரியும். ஃபோர்ஹேண்டில் பெரும்பாலும் தெரியாது.

சிறுவர்களுக்கு எந்த வகையை முதலில் கற்பிப்பது என்ற கேள்விக்கு விடை பந்தின் எழும்பலில் இருக்கிறது. விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்ட வழக்கமான பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் முழு உயரமே அவ்வளவுக்குக் குறைவு. தோளுக்கு மேல் எழும் பந்தை ஒற்றைக் கையால் அடிப்பது பெரியவர்களுக்கே சிரமம். பிள்ளை பின்னே சாய்ந்து, எடையைப் பின்காலில் வைத்து அடிக்கப் பழகிவிடும், பிறகு அந்தப் பழக்கத்தைக் கழற்றுவது பெரும்பாடு. ஆகவே இரு கையில் தொடங்கி, கான்டினென்டல் பிடியில் ஸ்லைஸைச் சீக்கிரமே சேர்த்து, ஒற்றைக் கை டாப்ஸ்பினை விரும்புகிறவருக்குத் தோள் வலுப்பட்டபின் விடுவதே தகுந்த வரிசை. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு மெதுவாகச் செல்லும் மூன்று வகைப் பந்துகளை வகுத்திருக்கிறது: வழக்கமான பந்தைவிடச் சிவப்பு 75 சதவீதமும், ஆரஞ்சு 50 சதவீதமும், பச்சை 25 சதவீதமும் மெதுவானவை. 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்துக்கு அனுமதி இல்லை. ஆனாலும் சிற்றூர்ப் பயிற்சிகளில் பெரியவர்கள் ஆடித் தேய்ந்த மஞ்சள் பந்துகளே பிள்ளைகளுக்கு வந்து சேருகின்றன. புது ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கும் பெற்றோரும் பள்ளிகளும் அதற்கு முன் ஒரு டஜன் சிவப்புப் பந்து வாங்கிக் கொடுக்கட்டும். பிள்ளையின் கால் தானாகப் பந்துக்குப் பக்கவாட்டில் போய் நிற்க அது வழிவிடும்.